"ரிப்போர்ட் ஃபைல்லயேதான் இருந்துச்சு!" - கர்ப்பிணிகளுக்கான சிபிலிஸ் பரிசோதனையும் என் அக்காவும்

வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் தெருவில் நடந்தால் ஊரே விசாரிக்கும். 'மசக்கை இருக்கா', 'புளிப்பு கேக்குதா, இனிப்பு கேக்குதா', 'வளைகாப்பு ஏழாம் மாசமா, ஒன்பதாம் மாசமா', 'பிக்மி நம்பர் வாங்கியாச்சா, அது இல்லாம பர்த் சர்டிஃபிகேட் தர மாட்டாங்களாமே' என்று எங்கள் மன்னார்குடிப் பக்கம் பாசத்தோடு கேட்கும் கேள்விகளுக்குக் குறைவே இல்லை. ஆனால், 'வி.டி.ஆர்.எல். என்ன வந்துச்சு?' என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

வி.டி.ஆர்.எல். என்பது சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை. கர்ப்பம் உறுதியானதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை, ஹெச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி என்று ஒரு வரிசையாகப் பரிசோதனைகள் எடுப்பார்கள். அந்த வரிசையில் இதுவும் ஒன்று. உங்கள் அம்மாவுக்கு எடுத்திருக்கலாம், உங்கள் மனைவிக்கு எடுத்திருக்கலாம், உங்களுக்கே எடுத்திருக்கலாம். பெயர் தெரியாமலே ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருப்போம்.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதால், கர்ப்பிணிகள் கூகுளில் எதைத் தேடுகிறார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். குங்குமப்பூ, பப்பாளி, கிரகணம், இடப்பக்கம் திரும்பிப் படுப்பது... எல்லாவற்றுக்கும் கட்டுரை இருக்கிறது. இந்தப் பரிசோதனையைப் பற்றி எழுதச் சொன்னது எடிட்டர் அல்ல, என் அக்கா. பெரியம்மா மகள். "என் பேரு வேணாம். ஊர் பேரைப் போட்டுக்க. மன்னார்குடி பெரிய ஊருதானே, யாருன்னு தேடிக் கண்டுபுடிக்கட்டும்" என்றாள். அவள் அனுமதியோடு, அவளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றி எழுதுகிறேன்.

கையெழுத்து போடாத பேப்பர்

அக்காவுக்குக் கல்யாணமானதும் அத்தானோடு வெளியூர் போய்விட்டாள். 2021-ல் முதல் கர்ப்பம். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினார்கள். மூன்றாம் மாதம் எல்லா ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். அடுத்த முறை போவதற்குள் கொரோனா இரண்டாம் அலை, ஊரடங்கு. பெரியம்மா பயந்துபோய், "புள்ளைய இங்க கொண்டாந்து விட்டுருங்க தம்பி" என்று அத்தானிடம் சொல்ல, இ-பாஸ் வாங்கி அவளை ஊருக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு அவர் திரும்பிப் போனார். லேபில் வாங்கிய ரிப்போர்ட்டுகள் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் அவளோடு வந்தன.

ஊருக்கு வந்த பிறகு காட்டிய இடத்தில், "முதல் டெஸ்ட்டெல்லாம் எடுத்தாச்சா?" என்று கேட்டார்கள். "எடுத்தாச்சு" என்று சொன்னார்கள் அக்காவும் பெரியம்மாவும். அது உண்மைதான். எட்டாம் மாதத்தில் ஒருநாள் காலையிலிருந்து குழந்தை அசையவில்லை. ஸ்கேனில் இதயத் துடிப்பு இல்லை என்றார்கள்.

குறுவை அறுவடை நேரம் அது. நான் அப்போது சென்னையில் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். போனில் அம்மா அழுதது மட்டும்தான் எனக்குத் தெரியும். ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்களாம். கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்றார் ஒருவர். பஸ் ஸ்டாண்டில் வழுக்கப் பார்த்தாளே, அதுதான் என்றார் இன்னொருவர். அக்காவின் மாமியார், "வயித்துல தங்காத ராசி" என்றாராம். அந்தச் சொல்லை அக்கா இன்னும் மறக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் கர்ப்பமானாள். இந்த முறை ஆரம்பத்திலிருந்தே ஊரில்தான் இருந்தாள். கிராம சுகாதார செவிலியர், எங்களுக்கு நர்ஸம்மா, வீட்டுக்கு வந்து பதிவு போட்டார். முதல் குழந்தை இறந்து பிறந்தது என்று கேட்டதும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "பழைய ஃபைல் இருந்தா எடுத்துட்டு வாம்மா" என்றார். பீரோவின் அடித்தட்டில், கல்யாணப் பட்டுக்குக் கீழே இருந்தது அது.

ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு தாளில் நின்றுவிட்டார். 'வி.டி.ஆர்.எல். - ரியாக்டிவ், 1:16.' அச்சடித்த ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. பார்த்ததற்கு அடையாளமாக எந்த டாக்டரின் கையெழுத்தும் அந்தப் பேப்பரில் இல்லை.

அக்கா அதைச் சொல்லும்போது குரல்கூட மாறவில்லை. "ரிப்போர்ட் ஃபைல்லயேதான்டி இருந்துச்சு. அஞ்சு மாசம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அதை நானேதான் தூக்கிட்டு நடந்தேன்."

'எடுத்தாச்சா' என்று கேட்டார்கள். 'என்ன வந்துச்சு' என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் குழந்தை இதனால்தான் போனது என்று இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால், சிகிச்சை இல்லாத சிபிலிஸ், கர்ப்பத்தில் என்ன செய்யும் என்பது மருத்துவத்துக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். கிருமி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். கரு கலையலாம், குழந்தை இறந்து பிறக்கலாம், குறைமாதத்தில் பிறக்கலாம். உயிரோடு பிறக்கும் குழந்தை பார்க்க நன்றாகவே இருந்து, சில வாரங்கள் கழித்து உடம்பில் கொப்புளம், மூக்கடைப்பு, ஈரல் வீக்கம் என்று ஆரம்பிக்கலாம். வருஷங்கள் கழித்துக் காது கேட்காமல் போவதும் உண்டு.

அடுத்தவன் தலையில் கட்டிய நோய்

இந்த நோய்க்கு ஒரு குணம் உண்டு. முதலில் வரும் புண் வலிக்காது. சில வாரங்களில் தானாக ஆறிவிடும். பெண்களுக்கு உள்ளே வந்தால் வந்ததே தெரியாது. பிறகு கிருமி வருஷக்கணக்கில் ரத்தத்தில் சத்தமில்லாமல் இருக்கும். அதனால்தான் அறிகுறி இருப்பவர்களுக்கு மட்டும் என்றில்லாமல், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிசோதனை. கலெக்டர் என்றாலும், கூலி வேலை செய்பவர் என்றாலும் ஒரே டெஸ்ட்தான். இது சந்தேகப்பட்டு எடுப்பது இல்லை.

ஆனால், மனிதர்களுக்கு இந்த நோய் என்றாலே அடுத்தவர் முகம்தான் நினைவுக்கு வரும். 15-ம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் இது பரவியபோது, இத்தாலிக்காரர்கள் 'பிரெஞ்சு நோய்' என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் 'நேப்பிள்ஸ் நோய்' என்றார்கள். கப்பலேறி வந்த வெள்ளைக்காரனைப் 'பறங்கி' என்ற நம் ஊர், நோயையும் 'பறங்கி வியாதி' என்றது. நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கும் பறங்கிப்பட்டை, அந்தக் காலத்தில் இந்த நோய்க்குக் கொடுத்த மருந்து.

பழி கடைசியில் பெண்கள் தலையில்தான் வந்து விழுந்தது. 1868-ல் ஆங்கிலேய அரசு இந்தியாவில் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பாலியல் தொழிலில் இருந்த பெண்களைக் கட்டாயமாகப் பரிசோதித்து, நோய் இருந்தால் 'லாக் ஆஸ்பத்திரி' என்ற இடத்தில் அடைத்து வைத்தார்கள். அவர்களிடம் போய்வந்த சிப்பாய்களுக்கு அந்தச் சட்டத்தில் எந்தக் கட்டாயமும் இல்லை. 1888-ல்தான் அது நீக்கப்பட்டது. பரிசோதனை என்றாலே பயப்படும் பழக்கத்துக்கு இப்படி ஒரு கதையும் பின்னால் இருக்கிறது.

நோய்க்கான கிருமியை 1905-ல் ஜெர்மனியில் ஷாடின், ஹாஃப்மன் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். திருகாணி போலச் சுருண்டிருக்கும் கிருமி அது. அடுத்த வருஷமே வாசர்மன் ரத்தப் பரிசோதனை வந்தது. 1943-ல் பென்சிலின் இந்த நோயைக் குணப்படுத்துகிறது என்று தெரிந்தது. கண்டுபிடிக்க வழி இருந்து, குணப்படுத்த மருந்தும் இருந்து, அந்த மருந்து விலையும் மலிவாக இருந்தும், உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2016-ல் மட்டும் சுமார் 6.6 லட்சம் கர்ப்பங்களில் இது குழந்தைக்குப் போயிருக்கிறது. அமெரிக்காவில் 2022-ல் 3,700-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பிறவியிலேயே சிபிலிஸ். பத்து வருஷத்துக்கு முன்பு இருந்ததைப்போல பத்து மடங்கு. அவற்றில் பத்தில் ஒன்பதை, நேரத்துக்குப் பரிசோதித்து மருந்து கொடுத்திருந்தால் தடுத்திருக்கலாம் என்கிறது அந்த நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம்.

பணக்கார நாடு என்பதால் தப்பிக்க முடியாது. பணம் இல்லாததால் தோற்க வேண்டும் என்றும் இல்லை. 2015-ல் தாயிடமிருந்து குழந்தைக்கு ஹெச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த முதல் நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் கியூபாவை அறிவித்தது. கோடியக்கரையிலிருந்து கடல் தாண்டினால் வரும் இலங்கை, 2019-ல் அதே சான்றிதழை வாங்கிவிட்டது. அங்கே வீடு வீடாகப் போகும் குடும்பநல மருத்துவ மாதுக்கள்தான் இதற்கு முதுகெலும்பு. நம் நாட்டிலும் ஒழிப்புத் திட்டம் நடக்கிறது. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ஹெச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டையும் ஒரே கிட்டில் சில நிமிஷங்களில் பார்க்கும் வசதியும் வந்துவிட்டது.

மூன்று ஊசி

நர்ஸம்மா அன்றைக்குப் பெரியம்மாவை "ஒரு டம்ளர் தண்ணி கொண்டாங்கம்மா" என்று உள்ளே அனுப்பிவிட்டு, அக்காவிடம் மெதுவாகச் சொன்னாராம். "ரத்தத்துல ஒரு கிருமி இருக்கலாம்னு இதுல இருக்கு. மறுபடி பார்த்துருவோம். இருந்தா ஊசி இருக்கு. புள்ளைய காப்பாத்திரலாம். யாருகிட்ட சொல்லணும், சொல்ல வேணாம்ங்கிறதை நீ முடிவு பண்ணு. வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லித்தான் ஆகணும்."

மறுபடி பார்த்தார்கள். ஏனென்றால், வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ் என்று வந்தாலே சிபிலிஸ்தான் என்று அர்த்தமில்லை. மலேரியா, லூபஸ் போன்ற நோய்களாலும், சிலருக்குக் கர்ப்பத்தினாலேயேகூட அப்படிக் காட்டலாம். டி.பி.ஹெச்.ஏ. என்ற இன்னொரு பரிசோதனையில்தான் உறுதி செய்வார்கள். 1:16 என்றால், ரத்தத்தின் சீரத்தைப் பதினாறு மடங்கு நீர்த்த பிறகும் பரிசோதனையில் தெரிகிறது என்று பொருள். அக்காவுக்கு இரண்டிலும் உறுதியானது.

மன்னார்குடி அரசு மருத்துவமனையில் சிகிச்சை. பென்சாதைன் பென்சிலின், 24 லட்சம் யூனிட். நோய் எப்போது வந்தது என்று தெரியாதவர்களுக்கு வாரம் ஒன்று வீதம் மூன்று வாரம் போடுவார்கள். முதலில் அலர்ஜி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு பக்க இடுப்பிலும் பிரித்துப் போட்டார்கள். கெட்டியான மருந்து, நல்ல வலி. திரும்பி வரும் டவுன் பஸ்ஸில் சீட் கிடைத்தும் உட்கார முடியாமல், கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தாளாம். அன்று ராத்திரி காய்ச்சல். கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது அப்படி வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

ஊசியைவிட அத்தானிடம் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது என்றாள். போனில் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எனக்கு எதுவும் இல்லையே, உனக்கு எப்படி?" கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் விடிகாலை பஸ் பிடித்து வந்து நின்றார். நர்ஸம்மாவே கூட்டிப்போய்ப் பரிசோதனைக்கு நிறுத்தினார். அவருக்கும் ரியாக்டிவ். யாருக்கு முதலில், யாரிடமிருந்து என்று அவர் கேட்டபோது, "அதை எந்த டெஸ்ட்டும் சொல்லாது தம்பி. கல்யாணத்துக்கு முன்னாடி வந்ததாகூட இருக்கலாம். ரெண்டு பேரும் ஊசி போட்டுக்கிட்டாத்தான் மறுபடி வராது. ஒருத்தர் போட்டு ஒருத்தர் போடலைன்னா திரும்ப இங்கதான் வரணும்" என்றாராம். அத்தான் சட்டையை மடித்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார். அவர்களுக்குள் அதன் பிறகு என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

மாமியாரிடம் "ரத்தத்துல கிருமி, சத்து ஊசி" என்று சொல்லிச் சமாளித்தார்கள். எங்கள் அப்பாயியிடம் மட்டும் அந்தச் சமாளிப்பு எடுபடவில்லை. திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "ரத்தத்துல கிருமின்னா... மேகமா?" என்றார். யாரும் பேசவில்லை. "எங்க காலத்துலயும்தான் இருந்துச்சு. அப்ப ஊசி இல்ல, புள்ளைங்கதான் போச்சு. இப்ப ஊசி இருக்குல்ல, போட்டுட்டு வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி இடிக்க ஆரம்பித்துவிட்டார். வீட்டிலேயே மூத்தவர்தான் அதைச் சாதாரணமாகச் சொன்னார்.

தை மாதம், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தபோது பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அக்காவின் ரத்தத்தையும் குழந்தையின் ரத்தத்தையும் சேர்த்து எடுத்து ஒப்பிட்டார்கள். தாயைவிடக் குழந்தைக்கு நான்கு மடங்கு அதிகமாக இருந்தால் கிருமி குழந்தைக்குப் போயிருக்கிறது என்று பொருள். அப்படி இல்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு அணுக்கள் மட்டும் கொஞ்சம் இருந்தன. சில மாதங்களில் அவையும் மறைந்து, ஆறாம் மாதப் பரிசோதனையில் 'நான் ரியாக்டிவ்' என்று வந்தது. "அந்தப் பேப்பரை மட்டும் லேமினேட் பண்ணி வெச்சுருக்கேன்" என்று சிரித்தாள் அக்கா. இப்போது அந்தக் குட்டி, என் போனைப் பிடுங்கிக்கொண்டு முற்றத்தில் ஓடுகிறாள்.

நீங்கள் கேட்க வேண்டியவை

இதை எழுதப்போகிறேன் என்றதும் என் அம்மா, "நம்ம வீட்டுக்கும் அந்தப் பத்திரிகை வருதேடி!" என்றார். வரட்டும். அம்மா மாதிரியானவர்கள் படிக்கத்தான் எழுதுகிறேன்.

கர்ப்பம் உறுதியானதும் முதல் மூன்று மாதத்துக்குள் பதிவு செய்யுங்கள். எடுக்கும் பரிசோதனைகளில் சிபிலிஸுக்கானது இருக்கிறதா என்று கேளுங்கள். தனியாரில் காட்டினாலும் கேளுங்கள். எடுத்த பிறகு, முடிவு என்ன வந்தது என்று கேட்டு, தாய் சேய் நல அட்டையில் எழுதச் சொல்லுங்கள். பிறந்த வீட்டுக்குப் போகும்போது அட்டையையும் ஃபைலையும் கொண்டுபோவதோடு, அங்கே உள்ள டாக்டரிடமோ நர்ஸிடமோ அதைத் திறந்து காட்டுங்கள். பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பாவது சிகிச்சை கிடைத்திருக்க வேண்டும். அதனால் எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. தொற்றுக்கு வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்குக் கடைசி மூன்று மாதங்களில் மறுபடியும் பரிசோதனை தேவைப்படலாம்.

பென்சிலின் அலர்ஜி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து அவ்வளவாகக் கைகொடுக்காது என்பதால், மருத்துவமனையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி அதே மருந்தைக் கொடுக்க வழி இருக்கிறது. கணவரும் பரிசோதித்துக்கொண்டு சிகிச்சை எடுக்க வேண்டும். முடியும்வரை உறவைத் தவிர்க்க வேண்டும். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, ஒரே கழிவறையைப் பயன்படுத்துவதாலோ இது பரவாது. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் ரகசியமாகப் பேசலாம். 1097 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.

மாப்பிள்ளைகளுக்கு ஒன்று. மனைவிக்கு ரியாக்டிவ் என்று வந்தால், "எனக்கு எதுவும் இல்லையே" என்பதுதான் முதலில் வாயில் வரும். அத்தானுக்கும் அதுதான் வந்தது. ஆனால், அவர் மூன்றாம் நாள் பஸ் ஏறி வந்தார்.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கு 18,000 ரூபாய் உதவி தரும் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர். அந்தத் தொகை எப்போது அக்கவுன்ட்டில் ஏறும் என்று விசாரிக்காத வீடு எங்கள் ஊரில் இல்லை. அதே நர்ஸம்மாவிடம், அதே வாசலில் நின்று, இன்னும் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். நர்ஸம்மாக்களுக்குப் பதில் தெரியும்.